பேருந்துகள் நின்ற கழனி

2003 ஜூன் 18, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. ஏழு குடம் பிடித்தோம். எட்டே காலுக்கு இட்லி. ஒன்பதே முக்காலுக்கு வேங்கிக்காலில் உள்ள அலுவலகத்தில் கையெழுத்திட்டேன். நகரமைப்புப் பிரிவில் நான் வரைவாளன். மாவட்டம் பிரிந்த வருடத்திலிருந்து இதே மேசை. மனைப்பிரிவு கேட்டு வரும் நிலங்களை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவதற்கு எனக்குப் புதன்கிழமை. அன்று ஒரே கோப்புதான்: அடி அண்ணாமலையில் இரண்டு ஏக்கர்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். நிலத்தை வாங்கவிருந்தவரின் தரகர் சாலையிலேயே காத்திருந்தார். அனுமதி வருவதற்கு முன்பே மனைக்கல் நட்டிருந்தார்கள். நிலத்தின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. ஏரி மதகிலிருந்து வரும் தண்ணீர் அதன் வழியாகத்தான் கீழ்ப்பக்கத்துக் கழனிக்குப் போக வேண்டும். வருவாய்த் துறையின் புலப்படத்தில் அந்த வாய்க்கால் இல்லை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது வாய்ப்பேச்சில் விட்ட வழி அது. விண்ணப்ப வரைபடத்தில் அதே இடத்தில் முப்பதடிச் சாலை போட்டிருந்தார்கள்.

மனைக்கற்களைச் சுற்றிச் சுற்றி நடந்து, நாடாவைப் பிடித்து வாய்க்காலின் அகலத்தை மூன்று இடங்களில் அளந்தேன்.

"சார், சாமியையே ஒரு தடவதான் சுத்துறாங்க. நீங்க இந்தக் கல்ல எத்தினி தடவ சுத்துவீங்க?" என்று தரகர் சிரித்தார்.

கீழ்க் கழனியிலிருந்து மண்வெட்டியோடு ஓர் அம்மாள் ஏறி வந்தார். நிலத்தை விற்கிறவர் அவருடைய கொழுந்தன். தரகருக்கு அவரைத் தெரிந்திருந்தது.

"யக்கா, நீயும் ஒரு மனை புடிச்சுப் போடேன். பின்னாடி வெல ஏறும்."

"மனையில நெல்லு மொளைக்குமாடா? மொளைச்சா சொல்லு, ரெண்டா வாங்கிக்கிறேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க படம் மாட்டியிருந்த ஆபீஸ் சார்தானே? நான் வந்தேனே, நாலு வருசத்துக்கு முன்ன."

ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

ஊர் வளரத்தான் செய்யும். பௌர்ணமிக் கூட்டம் வருடத்துக்கு வருடம் ஜாஸ்தியாகிறது. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறை கிடைப்பதில்லை. நானே வேங்கிக்காலில் ஒரு மனை வாங்கித்தான் வீடு கட்டினேன். வீடுகள் மேட்டு நிலத்தில் பெருகட்டும், ஏரி பாயும் நிலத்தைத் தொட வேண்டாம் என்பதற்காகத்தான் நகரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து ஒரு திட்ட வரைபடம் போட்டோம். ஒவ்வொரு புலத்தையும் நடந்து பார்த்து, பயிர் நிலத்துக்குப் பச்சை, குடியிருப்புக்கு மஞ்சள் தீட்ட வேண்டும். கீழே 'நேரில் பார்த்தேன்' என்று கையெழுத்து.

அடி அண்ணாமலையை நான் பார்த்த நாள் 1998 மார்ச் 12, வியாழக்கிழமை. அன்று பௌர்ணமி. பிற்பகலிலேயே கிரிவலப் பாதையில் சைக்கிளை உருட்டக்கூட இடமில்லை. சாலையில் நின்றபடியே பார்த்தேன். இந்த நிலம் முழுக்க வெளியூர்ப் பேருந்துகள் நின்றன. அறுவடை முடிந்த கழனியைப் பௌர்ணமிக்குப் பேருந்து நிறுத்த விடுவது இங்கே வழக்கம். அடுத்த மழைக்கு ஏர் ஓட்டிவிடுவார்கள். எனக்கும் அது தெரியும். உள்ளே இறங்கி நடந்திருந்தால் காலில் அறுத்த நெல்லின் தாள் குத்தியிருக்கும், வாய்க்காலும் தெரிந்திருக்கும். நான் 'தரிசு, வாகன நிறுத்தம்' என்று எழுதி மஞ்சள் தீட்டினேன்.

அடுத்த வருடம் வரைபடத்தை மக்கள் பார்வைக்கு மாட்டினோம். ஆட்சேபணைக்கான நாள் முடிந்து இரண்டு நாள் கழித்து இந்த அம்மாள் வந்தார். "எங்க கழனிப் பக்கம் ஏன் மஞ்சளா கீது?" என்று கேட்டார். நெல் விளைகிறது, வாய்க்கால் ஓடுகிறது என்றார். அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. கோப்பு இன்னும் என் மேசையில்தான் இருந்தது. இருந்தும், "வந்து பாத்தவர் எழுதினதும்மா. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தீங்கன்னா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்று, யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் சொல்லி அனுப்பினேன். குழாயில் தண்ணீர் வந்த நேரத்தைக்கூட எழுதிவைக்கும் நான், அவர் வந்ததை அன்றைய டைரியில் எழுதவில்லை.

இப்போது அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"நீங்க அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க சார். மத்தவங்க மாதிரி அலைய விடல. நாந்தான் நாத்து நடவு இருக்குதுன்னு ரெண்டு நாள் தள்ளிட்டேன். எம்மேலதான் தப்பு. இத அடைச்சிட்டா எனக்குத் தண்ணி இல்ல. கொழுந்தன கேட்டா, படத்துலயே மஞ்சள்னு போட்டிருக்குதே, நீ இன்னா கேக்கறன்றான்."

"அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றேன். எது அப்படி இல்லை என்று சொல்லவில்லை.

"வெயில்ல நிக்கறீங்களே, தண்ணி குடிங்க" என்று தூக்குவாளியை நீட்டினார். குடித்தேன்.

தரகர் பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தார். "வாய்க்கால்லாம் படத்துல இல்ல சார். இல்லாதத நீங்க எழுத வேணாம்" என்றார். அவர் சொன்னது சரி. படத்தில் இல்லை. திட்டப் படத்தை வரைந்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் 1998 டைரியை எடுத்தேன். அந்த வியாழக்கிழமையில் ஒரே வரி: 'அடி அண்ணாமலை முடிந்தது. மாலை ஐந்துக்கு வீடு.' வாய்க்காலைப் பற்றி எழுதினால் அப்போது ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள், மெமோ வரும். எழுதாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த அம்மாளும் கேட்க மாட்டார். தப்பு தன்மேல்தான் என்று அவர் நாலு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே அலுவலகம் போனேன். சன்னல்கள்கூடத் திறக்கவில்லை. முதல் வேலையாக அறிக்கைத் தாளை எடுத்து முதல் வரியை எழுதினேன்: '12.3.1998 அன்று இந்தப் புலத்தை நேரில் பார்த்ததாகக் கையெழுத்திட்டவன் நான். உள்ளே இறங்கிப் பார்க்கவில்லை.' அதன் கீழே, மூன்று இடங்களில் எடுத்த வாய்க்காலின் அளவுகளை வரிசையாக எழுதினேன்.