மந்திரமூர்த்தியின் அரை வீச்சு

மூன்றாவது முறையாகவும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தோளுயரத்திலிருந்து உதிர்க்கிறார் மந்திரமூர்த்தி. முதல் இரண்டு சிட்டிகையும் தெற்கே சாய்ந்து விழுந்தன. இதுவும் தெற்கேதான் விழுகிறது. அப்படியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. "மூணு வாட்டி ஒரே மாரி காட்டுதுன்னா, நாலாவது வாட்டி கவுக்கப்போவுதுன்னு அர்த்தம்" என்கிறார் காற்றைப் பற்றி. பிறகு ஒன்றரை அடி நீளப் பச்சைப் பாய்த்துண்டைத் தரையில் விரித்து, அதன் மேல் வெள்ளைப் பந்தை வைத்து, கோல்ஃப் மட்டையைக் கையில் எடுக்கிறார்.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் சாலையில் இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே நடந்தால் அவருடைய மானாவாரி நிலம். நான்கு ஏக்கர் முப்பது சென்ட். புரட்டாசியில் உளுந்து விதைப்பார். தை கடைசியில் செடி பிடுங்கி முடிந்ததும் அதே நிலம் ஆறு குழி கோல்ஃப் மைதானம் ஆகிவிடும். ஒவ்வொரு குழியும் மண்ணில் புதைத்த ஒரு லிட்டர் பெயின்ட் டப்பா. அதைச் சுற்றி, பழைய என்ஜின் ஆயில் பிசறிய மணல் எட்டடி வட்டமாகப் பரப்பியிருக்கும். அந்த ஆறு வட்டங்களில் மட்டும் அவர் விதைப்பதில்லை. ஓமானில் இதே போலப் புல்லில்லாத மைதானம் ஒன்றில் பதினேழு ஆண்டுகள் மணல் இழுத்துச் சமன் செய்தவர். ஆட்டக்காரர்கள் போன பிறகு, மிச்ச வெளிச்சத்தில் ஆடிப் பழகினார். இப்போது வயது ஐம்பத்தெட்டு.

கரிசல் மண் காயக் காயப் பிளக்கும். மாசியில் இரண்டு விரல் நுழையும் வெடிப்பு, சித்திரையில் காலையே உள்ளே வாங்கும். பந்து வெடிப்புக்குள் விழுந்தால் வேறு பந்தை வைத்து, அடி கூட்டாமல் ஆடலாம். வேறெங்கு தொலைந்தாலும் கணக்கில் ஓர் அடி கூடும்; அடி குறைந்தவருக்கே ஜெயம். இந்த விதியை எழுதியவர் மந்திரமூர்த்தியே. எழுதிய நாள் முதல், இதைச் சொல்லி யாராவது ஏய்க்கிறார்களா என்று பார்ப்பதும் அவர் வேலையாகிவிட்டது. பையில் டார்ச் லைட்டும் வளைத்த கம்பியும் இருக்கும். பந்துகளில் மைப்புள்ளி வைத்திருக்கிறார். தன்னுடையவற்றுக்கு மூன்று, எதிராளிக்கு இரண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பந்து காணாமல் போனபோது, அருகில் நின்ற மயிலின் பின்னாலேயே பக்கத்து ஊர் எல்லை வரை நடந்துவிட்டு வந்திருக்கிறார்.

எதிராளி என்று இருப்பது ஒரே ஒருவர்: மனைவி ஆவுடைத்தாயின் தம்பி சோலைராஜ். தீப்பெட்டி ஆபீசில் மிஷின் பார்ப்பவர். ஆட ஆளில்லாமல் மந்திரமூர்த்திதான் அவருக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதே ஆள் சென்ற ஆண்டு ஜெயிக்கத் தொடங்கியபோது, கற்றுக்கொடுத்தவருக்குத் தோன்றிய முதல் எண்ணம், இவன் எங்கோ ரகசியமாகப் பழகுகிறான் என்பது.

சென்ற பங்குனியில் ஒரு வீச்சின் நடுவே மந்திரமூர்த்தியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்தொன்பது நாள் படுக்கை. எழுந்த அன்று ஆவுடைத்தாய் குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இன்னொரு தரம் படுத்தால் நிலம் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போகும். பத்திரம் ஆவுடைத்தாயின் பெயரில்தான் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை வந்து அளந்தும் போய்விட்டார்கள்.

அதனால்தான் இந்த அரை வீச்சு. கோவில்பட்டியில் இடுப்புக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண், இடுப்பைத் திருகவே கூடாது என்று சொல்லிவிட்டார். கை தோளுக்கு மேல் போகாமல், கால்களை நெருக்கி வைத்து, மட்டையைப் பாதி உயரம் மட்டும் தூக்கி அடிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி முழுக்க வீட்டுக் கொல்லையில் பந்தில்லாமல் வீசிப் பழகினார். செல்போனைக் கல்லில் சாய்த்து வைத்துப் படம் எடுப்பார். படத்தில் இடுப்பு திரும்புவது தெரிந்தால், "இது நான் இல்ல, போன் இழுக்குது" என்று சொல்லி அழித்துவிடுவார்.

இந்த ஆண்டின் முதல் ஆட்டம் மாசி பதினொன்றாம் தேதி, காலை ஏழே காலுக்குத் தொடங்கியது. முதல் குழிக்குப் போகும்போதே, இடுப்பு எப்படி இருக்கிறது என்று சோலைராஜ் கேட்டார். மந்திரமூர்த்தி நின்றுவிட்டார்.

"ஏம்ல கேக்க? உங்க அக்கா பாத்துட்டு வரச் சொன்னாளா?"

"சும்மா கேட்டேன் அத்தான். இனிமே வெயிலு எப்படின்னு மட்டும் கேக்குதேன்."

அதற்குப் பிறகு சோலைராஜ் எங்கே நின்றாலும், தன் இடுப்பைப் பார்ப்பதற்காகவே அங்கே நிற்பதாக அவருக்குப் பட்டது. பின்னால் நின்றால் வேவு. முன்னால் நின்றால் அதைவிடப் பெரிய வேவு. ஆனாலும் அரை வீச்சு ஏமாற்றவில்லை. பந்து தூரம் போகாவிட்டாலும் நேராகப் போயிற்று. நான்கு குழி முடிந்தபோது இருவருக்கும் இருபத்தொரு அடி.

ஐந்தாவது குழியில் சோலைராஜின் பந்து காணவில்லை. வெடிப்பில் விழுந்தது என்றார் அவர். மந்திரமூர்த்தி முழங்காலிட்டு டார்ச் அடித்தார். கம்பியை விட்டுத் துழாவினார். ஆறு நிமிடம் கழித்துப் பந்து வந்தது. இரண்டு புள்ளி. சோலைராஜ் சொன்னது நிஜம். அது பொய்யாக இருந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு கோபம் வந்திராது. அந்தக் குழியில் மந்திரமூர்த்தி ஓர் அடி பின்தங்கினார்.

"அத்தான், பதறாம அடிங்க" என்றார், ஆறாவது குழியில் முதலில் அடித்துவிட்டு நின்ற சோலைராஜ்.

அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. கால்கள் தாமாக அகன்றன. கை தோளுக்கு மேல் ஏறியது. பழைய வீச்சு, முழு வீச்சு. பந்து ஒரு பனை உயரம் எழும்பி, வெடிப்பெல்லாம் தாண்டி, மணல் வட்டத்தின் நடுவில் போய் விழுந்தது. அந்த நிலத்தில் ஆடத் தொடங்கிய நான்கு ஆண்டுகளில் யாரும் அப்படி அடித்ததில்லை. மந்திரமூர்த்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மட்டையை ஊன்றியபடி, குனிந்து பாயை எடுக்க முடியாமல், நின்றுகொண்டே இருந்தார்.

சோலைராஜ் வந்து பாயைச் சுருட்டி எடுத்தார். குழிக்குப் போய் இரண்டு பந்துகளையும் பொறுக்கிவந்து, அத்தான் இன்னோர் அடியில் குழியில் போட்டுவிடுவார், அவருக்கு ரெண்டு என்றே வைத்துக்கொள்ளலாம், தனக்கு நாலுக்குக் குறையாது, ஜெயித்தது அவர்தான் என்றார்.

"அடிக்காம எப்படில ரெண்டு?" மந்திரமூர்த்தியின் நெற்றி வேர்த்திருந்தது. "எதுக்கு விட்டுக்கொடுக்க?"

பதில் சொல்வதற்குள் சோலைராஜின் போன் அடித்தது. ஆவுடைத்தாய். சோலைராஜ் வடக்கே பத்தடி தள்ளிப் போய்ப் பேசினார். காற்று தெற்கே அடித்ததால் பேச்சு மந்திரமூர்த்திக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆமாக்கா, முடிஞ்சிட்டு. நாந்தான் தோத்தேன். அவியளுக்கு என்ன, கம்பு கணக்கா நிக்காவ. வண்டிதான் பஞ்சரு. ஒட்டிட்டு நானே பின்னால வச்சிக் கூட்டிட்டு வாரேன், சாயங்காலமாவும். கோவில்பட்டியில ஒரு சோலியும் இருக்கு."

பஞ்சர் ஆகாத வண்டி வேலிக்கருவை நிழலில் நின்றது. சோலைராஜ் திரும்பி வந்து பக்கத்தில் தோளைக் கொடுத்து நின்றார். மந்திரமூர்த்தி இடது கையை அந்தத் தோளில் போட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கினார். பிறகு வலது கையை நீட்டி, "போனக் குடு" என்றார். வாங்கி, கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, பேசியது ஆவுடைத்தாயிடம்தானா என்று அழைப்புப் பட்டியலைத் தள்ளிப் பார்க்கத் தொடங்கினார்.