அத்தை அழித்த தாலிப் படம்

காலை பத்து இருபதுக்குத் திரையைப் பார்த்தபோது, தாலி கட்டும் படத்தைக் காணவில்லை. லிந்துலையில் நான் நடத்தும் ஸ்டூடியோவுக்கு, அல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய மணப்பெண்ணும் அவருடைய அத்தையும் வந்திருந்தார்கள். உள்ளறைக் கணினியிலிருந்த படக் கோப்புறையை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த முன்மேசைக் கணினிக்கும் கடவுச்சொல் இல்லாமல் பகிர்ந்திருந்தேன்.

“நான்தான் தம்பி அழிச்சேன். அதுல குலவ போடுறேன்னு வாயப் பொளந்துகிட்டு நிக்கிறேன்” என்றார் அத்தை.

“ஒங்க வாய்க்காக என் தாலியவா அழிச்சீங்க?” மணப்பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

மற்றப் படங்களில் தாலியை யார் யாருடைய கைகளோ மறைத்திருந்தன. பகிர்ந்த கோப்புறையில் இன்னொரு கணினியிலிருந்து அழித்ததால், அழித்தவை போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னிலும் அது இல்லை. நல்ல வேளையாக, கமராவின் மெமரி கார்டை நான் இன்னும் அழிக்கவில்லை. படம் திரையில் திரும்ப வந்ததும் அத்தை கடைக்குள்ளேயே குலவை போட்டார்.

“இப்பவும் அதே வாய்தான் அத்த!” என்று மணப்பெண் சிரித்தார்.

இப்போது முன்மேசையில் படங்களைப் பார்க்க மட்டுமே முடியும். மாற்றவும் அழிக்கவும் என் கடவுச்சொல் வேண்டும். அல்பம் கைமாறும்வரை கார்டையும் அழிப்பதில்லை.

அந்த அல்பத்தின் முதல் பக்கத்தில் அத்தை வாயைத் திறந்தபடி நிற்கிறார்.