மழை மேல் கட்டிய பந்தயம்

அவர் ஒரு தொலைக்காட்சிச் சேனலின் முதலாளி. சீட்டிலும் குதிரையிலும் கோடிகளைத் தோற்றவர். காஞ்சிபுரம் வந்தால் நான்தான் கார் ஓட்டுவேன். எதிரே வரும் ஆட்டோவின் எண் ஒற்றையா இரட்டையா என்றுகூட என்னோடு பந்தயம் கட்டுவார், தோற்றுவிட்டுச் சிரிப்பார்.

அன்று பக்கத்து ஐயம்பேட்டையில் நெசவாளர்கள் தெருவை அடைத்துப் பட்டுப் பாவு, தறியில் ஏற்றும் நீள நூல்களை, நீட்டியிருந்தார்கள். போட்ட கஞ்சி காயவில்லை, நனைந்தால் பாழ். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. ஹாரனுக்குப் போன என் கையைத் தடுத்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார்.

"மழை வரும்பா. கட்டுறேன்."

"வரணும்னா சார் நெனைக்கிறீங்க?"

"வரக் கூடாதுப்பா. நான் கட்டுனா எதுவும் ஜெயிக்காது, தெரியுமில்ல?"

கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. "ஜெயிச்சிட்டீங்க சார்" என்று திரும்பினேன். அதற்குள் அவர் இறங்கி, நெசவாளர்களோடு பாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அவர் ஜெயித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். அன்றுதான் அவர் சிரிக்கவில்லை.