தலைமன்னார் றோட்டில் நின்றது

நான் வந்த பஸ், கடலுக்குக் குறுக்கே தீவுக்குப் போகும் மன்னார்த் தாம்போதியின் வாசலில் நின்றுவிட்டது. வவுனியாவில் ஏறும்போது நல்ல வெயில். எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான அந்தப் பாதையில் முருங்கனைத் தாண்டும்போதே வானம் இருண்டது. தள்ளாடிக்கு வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. ஆனால் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்தச் சாம்பலுக்குள் நேராக இறங்கிப் போகிறது, மூன்று கிலோமீற்றர் நீளமான தார் றோட்டு. அதன் நடுவில் ஐந்தாறு கழுதைகள்.

சாரதி ஹோர்ன் அடித்தார். ஒரு காதுகூட ஆடவில்லை. கண்டக்டர் இறங்கிப் போய் ஒவ்வொன்றாக முதுகில் தட்டித் தள்ள வேண்டியிருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் தாராபுரத்தில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். மாரி காலத்தில் இப்படித்தான், மணல் ஈரமாகிவிட்டால் சூடு தேடித் தாருக்கு வந்துவிடும் என்றார். அந்தக் காலத்தில் அரபு வணிகர்கள் சுமை தூக்கக் கொண்டுவந்தவையாம். வணிகர்களும் போய்ச் சுமையும் போய், கழுதைகள் மட்டும் ஆருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சிவிட்டன. வாகனத்தில் அடிபட்டுச் சாவது அடிக்கடி நடக்கிறதாம்.

"வாயில்லாச் சீவன், மகள். அடிச்சுப்போட்டுப் போறவனுக்கு எதிரா மறுமையில அது வாய் திறக்கும்" என்றார். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கழுதைகளைக் கடந்தபோது அவை எங்களைப் பார்க்கவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றன.

நான் திருகோணமலைக்காரி. நில அளவைக் கந்தோரில் படம் வரைந்து ஓய்வு பெற்றவள். நாக்கை நீட்டியது போல இந்தியாவைப் பார்த்துக் கிடக்கும் இந்தத் தீவின் கரையோரத்தை எத்தனையோ தடவை மையால் இழுத்திருக்கிறேன். கால் வைத்ததில்லை. ரயில் மறுபடி தலைமன்னார் வரை ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. என்றாலும் றோட்டால் போனால்தான் ஊர் தெரியும் என்று வாடகை வான் ஒன்றில் போக முடிவு செய்தேன்.

காலை. தங்கியிருந்த வீட்டுக்காரி ஒழுங்கு செய்த வான் வந்தது. ஓட்டுநர் பெயர் சூசை. பேசாலைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சட்டைப் பைக்கு மேலே செபமாலை தெரியும். பழைய டொல்பின் வான். முன்பக்கத்தில் இரண்டு தடித்த இரும்புக் குழாய்களைக் குறுக்கே பொருத்தி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"கழுதைக்கு" என்றார்.

தலைமன்னார் இருபத்தொன்பது கிலோமீற்றர். றோட்டு நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் பனைகள், பனைகளுக்கு அப்பால் உப்புத் தண்ணீர் தேங்கிய வெளி, அதற்கும் அப்பால் ஒன்றுமில்லை. தாராபுரம் தாண்டியதும் ஒரு கழுதை றோட்டோரத்தில் நின்றது. சூசை வேகத்தைக் குறைக்கவில்லை. அது தலையைத் திருப்பியிருந்தால் குழாயில் பட்டிருக்கும்.

அவருடைய சட்டம் எளிமையானது. ஸ்ரேறிங்கைத் திருப்பக் கூடாது. ஏலுமென்றால் பிறேக் பிடிக்கலாம், ஏலாவிட்டால் நேரே போக வேண்டும். மிருகத்துக்காகத் திருப்புகிறவன் பின்னால் இருக்கிற மனிசரைக் கொல்லுகிறான். இதை அவர் கோபமில்லாமல், செபம் சொல்லுவது போலச் சொன்னார். நான் எங்கள் ஊர் மான்களைப் பற்றிச் சொன்னேன். திருகோணமலைப் பட்டணத்துக்குள் மான்கள் கடைத்தெருவில் மரக்கறிக்காரர் எறியும் கோவா இலை தின்று திரியும், வாகனங்கள் அவற்றுக்கு நின்று வழிவிடும் என்றேன். அவர் சிரித்தார். மான் வடிவான சீவன், அதுக்கு எல்லாரும் நிற்பார்கள், கழுதைக்கு ஆர் நிற்பார்கள் என்று கேட்டார். நின்றவன் ஒருவன் இருந்தான், அவனை இந்த றோட்டிலேயே பிணமாகத் தூக்கினோம் என்றார்.

அது அவருடைய அண்ணன் அருளப்பு. மடு மாதா கோயில் திருவிழா முடிந்து மனைவியோடு வானில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பொழுதுபடுகிற நேரம், இலேசான தூறல். நடு றோட்டில் கழுதை. அருளப்பு திருப்பினார், வான் போய்ப் பனையில் அடித்தது. மனைவி றீற்றா பிழைத்துக்கொண்டார். ஆட்கள் ஓடி வந்தபோது கழுதை அதே இடத்தில் ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. ஒரு கழுதைக்காகச் செத்தவன் என்று ஊர் இன்றைக்கும் சொல்லும். செத்த வீட்டில்கூட ஒருவர் அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கியதைச் சூசை தன் கண்ணால் கண்டவர்.

அந்த இடத்தைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் காட்டவில்லை. ஆனால் கொஞ்சத் தூரத்தில் றோட்டுக் கரையில் தனியாக நின்ற ஒரு சிறு வீட்டின் முன்னால் நிறுத்தினார். றீற்றா அங்கேதான் இருக்கிறார். பேசாலையில் இருந்த கல் வீட்டைப் பூட்டிவிட்டு, புருசன் செத்த இடத்துக்கு எதிரே ஒரு துண்டு நிலம் வாங்கித் தகரம் போட்டு இருக்கிறார். சூசை அரிசியும் மண்ணெண்ணெயும் இறக்கினார். மெலிந்த பெண்மணி, நரைத்த கொண்டை, நெற்றியில் பழைய தையலின் தழும்பு. என்னைப் பார்த்து, "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். சூசை நேரமாகிறது என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை மன்னார் ஆஸ்பத்திரியில் றீற்றாவுக்குப் பிறசர் கிளினிக். ஆகையால் பின்னேரம் திரும்பி வரும்போது அவரையும் ஏற்றிக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள்.

றோட்டுக்கு மற்றப் பக்கம், பனைகளின் கீழ், உடைந்த வள்ளமொன்றின் அடிப்பாதியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தது. கழுதைகளுக்காம். வான் புறப்பட்டதும் சூசை அதைச் சொல்லிப் பல்லைக் கடித்தார். புருசனைக் கொன்ற சாதிக்கு வாளி வாளியாய்த் தண்ணி சுமக்கிறா, கேட்டால் பேசமாட்டா என்றார்.

மத்தியானம். தலைமன்னாரில் நிலம் முடிகிறது. பழைய இறங்குதுறை துருப்பிடித்த கால்களோடு கடலுக்குள் கொஞ்சத் தூரம் போய் நின்றுவிட்டது. ஒரு காலத்தில் இங்கிருந்துதான் இந்தியாவுக்குக் கப்பல். வெளிச்சவீட்டுக்கு அப்பால் மணல் திட்டுகள் மங்கலாகத் தெரிந்தன. இமைத்துவிட்டுப் பார்த்தால் அவற்றில் ஒன்றைக் காணவில்லை, பிறகு வேறு இடத்தில் ஒன்று. நான் வரைந்த கரைக்கோடு எதற்கும் அங்கே பொருத்தம் இருக்கவில்லை. அலை இல்லை. மீன்பிடி வள்ளங்கள் மேலே இழுத்துப் போடப்பட்டிருந்தன, ஆட்கள் இல்லை. சாப்பாட்டுக் கடையில் சோறும் பாரை மீன் குழம்பும் இருநூற்றைம்பது ரூபா. கடைக்காரர் காற்று மாறப் போகிறது, வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கோ என்றார்.

நாங்கள் புறப்படப் பிந்திவிட்டது. வானின் ஒரு சில்லுக்குக் காற்றுப் போய், அதை மாற்றி முடிக்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. றீற்றா குடையோடு வாசலில் நின்று ஏறினார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையை அவருக்கு விடுவதற்காக நான் எழுந்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எனக்குப் பின்னால் போய் இருந்தார். அந்த வீட்டு வாசலிலிருந்து வான் கிளம்பும்போது பனைகளின் கீழ் ஏழெட்டுக் கழுதைகள் வரிசையாக நின்றதைக் கண்டேன். தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டைப் பார்த்து நின்றன.

பொழுது இறங்கியது. இருட்டு இல்லை, வெளிச்சமும் இல்லை. தாரும் மழையும் வெளியும் ஒரே நிறமாகி, லைற்றைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றாக இருந்தது. தூரத்தில், றோட்டின் நடுவில், ஒரு சாம்பல் மேடு தெரிந்தது. தாழ்வாக, தடிப்பாக, முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆடிக்கொண்டு.

"கழுதை" என்றார் சூசை. ஹோர்னை அழுத்தினார். அது ஒதுங்கவில்லை. வேகமும் குறையவில்லை. அவருடைய கைகள் ஸ்ரேறிங்கில் நேராக இறுகின. அந்த இரும்புக் குழாய்கள் என் கண்ணுக்கு முன்னால் இருப்பது போல உணர்ந்தேன். நானும் அதைக் கழுதை என்றுதான் நினைத்தேன், இதை மறைக்க மாட்டேன். இரண்டு காதுகள்கூடத் தெரிந்தன.

பின்னால் இருந்து றீற்றா சொன்னார்: "நிப்பாட்டு, சூசை."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் சூசையின் கால் அவரைக் கேட்காமலே பிறேக்கில் போய் விழுந்தது. வான் ஈரத் தாரில் இழுபட்டு, நேராகவே போய், நின்றது.

முன்னால் ஒரு மனிதர். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். அதன் இரண்டு மூலைகளும் காது போலத் தூக்கி நின்றன. ஆடுகளுக்கு வெட்டிய குழைக்கட்டைச் சைக்கிளில் ஏற்றி, அதற்கு மேல் குனிந்து, எங்களுக்கு முதுகைக் காட்டித் தள்ளிக்கொண்டு போனார். எங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒரு கை நீளம் இருந்திருக்கலாம். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சூசை இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். அந்த மனிதருக்குப் பின்னால் ஓடிப் போய்த் தோளைத் தொட்டார். ஏதோ கேட்டார். மனிதர் தன் காதைக் காட்டிக் கையை விரித்தார். காது கேளாதவர். பிறகு சிரித்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையில் இறங்கி, பனைகளுக்குள் போய்விட்டார். சூசை திரும்பி வந்து ஏறினார், ஆனால் சாவியைத் திருப்பவில்லை. மழை கூரையில் விழுகிற சத்தம் மட்டும்.

அப்போதுதான் றீற்றா பேசினார். இருட்டில் பக்கத்தில் படுத்திருக்கிற ஒருவரோடு பேசுவது போல.

"அண்டைக்கு உன்ரை அண்ணன் கழுதைக்குத் திருப்பேல்லை. 'ஆரோ ஒரு ஆள் நிக்குது' எண்டு சொல்லித்தான் திருப்பினவர்."

சூசை கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "அங்கை கழுதைதானே நிண்டது, அண்ணி" என்றார்.

"ஓம். பிறகு கழுதைதான் நிண்டது."

ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றே இதை மாமியிடம் சொன்னாராம். பொலிசுக்கும் சொன்னாராம். தலையில் அடிபட்ட மனுசியின் கதை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். கழுதை கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது வேறு எதை எழுதுவார்கள்? அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. இப்போதும் அவர் அதோடு முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"நானும் கண்டனான், சூசை" என்றார். "வானை நிப்பாட்டச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டது."

திரும்பி அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

தண்ணீர் வைப்பது ஏன் என்று சூசை கேட்கவில்லை. றீற்றா தானாகவே சொன்னார். இரக்கத்தில் வைப்பதில்லை. அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில், அதே இடத்துக்குக் கழுதைகள் வர வேண்டும் என்பதற்காக வைக்கிறார். பின்னேரம் பின்னேரம் வாசலில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். எந்தப் பக்கத்தால் பார்த்தால், எப்படித் தலையைத் தூக்கினால், ஒரு கழுதை மனிதர் மாதிரித் தெரியும் என்று.

"இத்தினை வருசமாப் பாக்கிறன். ஒண்டும் ஒருக்காலும் அப்பிடித் தெரியேல்லை. ஒருக்காத் தெரிஞ்சிட்டால் நான் பேசாலைக்குத் திரும்பிப் போயிடுவன்."

சூசை சாவியைத் திருப்பினார். மன்னார்ப் பட்டணத்தின் வெளிச்சங்கள் வரும்வரை அவர் ஓட்டிய வேகத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

மறுநாள் காலை அவர் என்னைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார். றீற்றாவைக் கிளினிக்கில் விட்டுவிட்டு வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, தூங்கியவர் போலத் தெரியவில்லை. அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மழை விட்டு, வெயில் பளிச்சென்று அடித்தது. சந்தைக்குப் பக்கத்தில், கடை வாசலில், ஒரு கழுதை தாரில் கால்களை மடித்துக் கிடந்தது. பட்டப்பகல். அதன் கண் இமையில் இருந்த ஈகூடத் தெரிந்தது. சூசை நல்ல தூரத்திலேயே வானை நிறுத்தினார். பின்னால் வந்த ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்து ஏசிக்கொண்டு விலகிப் போனான்.

சூசை கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கி நடந்து போனார். குனிந்து அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். கழுதை தலையைத் தூக்கி அவருடைய சட்டையை முகர்ந்தது. அவர் கையை எடுக்க நெடுநேரமானது.

திரும்பி வந்து ஏறிக் கதவைச் சாத்தினார்.

"கழுதைதான், அக்கா" என்றார்.