ஹவில்தார் குடியை விட்ட வாரம்

பர்கூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஹவில்தார் மாதேஷ் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, கிரானைட் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். தினமும் குடிப்பார். ஆனால் தெருவில் விழுந்ததில்லை, யாரையும் ஏசியதில்லை. அதனால் அதைக் குடி என்று ஒருவரும் சொல்லவில்லை, மனைவி ராஜாத்திகூட.

பட்டாளத்துக்குப் போகும்வரை அவர் அதைத் தொட்டதே கிடையாது. பனிமலைக் காவலில் குளிருக்கென்று ரேஷனோடு ரம் கொடுத்தார்கள். முதலில் தன் பங்கைக் கூட இருந்த சிப்பாய்க்குக் கொடுத்துவிடுவார். ஒரு நாள் அந்தச் சிப்பாய் குண்டடிபட்டு இவர் மடியிலேயே உயிரை விட்டான். அன்றைக்கு இரண்டு பேர் பங்கையும் இவரே குடித்தார். கை நடுக்கம் நின்றது. கல்யாணமான புதிதில் ராஜாத்தியிடம் இவ்வளவுதான் சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். அன்றோடு பாட்டிலை விட்டார். ராஜாத்திக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. புருஷனை வாய் நிறையச் ‘சாமி’ என்று கூப்பிட்டாள்.

இரண்டு நாள் போனது. அவர் தூங்கவே இல்லை. வேர்த்து வழிந்தது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையிலிருந்து எறும்பு எறும்பு என்று துண்டால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒன்றுமே இல்லை.

மத்தியானம் பக்கத்துக் கிரானைட் குவாரியில் வெடி வைத்தார்கள். தினமும் கேட்கிற சத்தம்தான். மாதேஷ் தரையில் விழுந்து ராஜாத்தியையும் இழுத்துப் போட்டார். தவழ்ந்துபோய்க் கதவைத் தாழிட்டு, கட்டிலை நகர்த்தி முட்டுக் கொடுத்தார். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டார்.

“தலையத் தூக்காத. மேல இருந்து சுடுறானுங்க.”

“சாமி, அது குவாரி வெடிங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். அவளை யாரென்றே தெரியாத பார்வை.

அந்நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம். பள்ளியில் பரீட்சை, அரைநாள்தான். மகள் ரூபா வந்துவிட்டாள்.

“அம்மா, கதவத் தொற.”

மாதேஷ் கதவை ஒட்டி நின்று கடப்பாரையைத் தலைக்கு மேல் ஓங்கினார். “கௌன் ஹை?” என்று, யாரெனக் கேட்டு இந்தியில் அதட்டினார்.

“அப்பா, நாந்தான்.”

“குரல மாத்திப் பேசுறானுங்க” என்றார் ரகசியமாக.

ஓடிப்போ என்று கத்தலாம். கத்தினால் பெண் பயந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். ராஜாத்தி வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“நம்ம ஆளுங்கதாங்க. ரேஷன் வந்திருக்கு.”

கடப்பாரை அப்படியே நின்றது. “ரம் வந்திருக்கா?”

“வந்திருக்குங்க. நான் போயி வாங்கியாறேன்.”

கடப்பாரையைக் கீழே இறக்கினார். பிறகு கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தித் தாழை நீக்கினார். “குனிஞ்சு போ.”

ராஜாத்தி தவழ்ந்தே வெளியே வந்தாள். மகளின் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆட்டோக்கார ஆனந்தராஜிடம் ஓடினாள். தன் வீட்டைக் கையால் காட்டினாள்.

ஆனந்தராஜ் போய்ப் பார்த்தபோது மாதேஷ் வாயில் நுரை தள்ள வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார். “அண்ணி, ஏறுங்க!” என்று ஆட்டோவைக் கிருஷ்ணகிரிக்கு விரட்டினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எத்தனை வருஷக் குடி என்று கேட்டார்.

“குடிகாரரு இல்லீங்கம்மா. பட்டாளத்துல பழகுன ரம்மு.”

“ஒடம்புக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. இத்தன வருஷம் குடிச்சத ஒரேயடியா நிறுத்துனா உயிரே போயிடும். எங்ககிட்ட வந்து மருந்தோடதான் நிறுத்தணும்.”

சில நாளில் மாதேஷுக்குத் தெளிந்தது. முதல் கேள்வியாக ரூபாவைக் கேட்டார்.

“வெளிய உக்காந்திருக்கா. வரச் சொல்லட்டுங்களா?”

“வேணாம். நான் அவள ஏதாச்சும்...”

“ஒண்ணும் பண்ணலைங்க” என்றாள். நடந்ததை இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது அவர் மாத்திரை சாப்பிடுகிறார், குடிப்பதில்லை. ஆனால் சாயங்காலமானால் ராஜாத்தி கேள்விப்படாத பெயர்களைச் சொல்லி அழுகிறார். இத்தனை வருஷமும் ரம் அமுக்கி வைத்திருந்த மனிதர் யாரென்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். உட்காருவது மட்டும் வாசல் பக்கமாகத்தான்.