எஸ்பிளனேடிலிருந்து பின்னோக்கி

கேட் சாவியை மகள் எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. ஜன்னலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். இந்த நோய்க்கே அப்படி ஒரு குணம் உண்டு. ஒரு நேரம் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு நேரம் உடம்பு ஓரிடத்தில் இருக்க விடாது. ஆனால் அப்போது என்னைப் படுத்தியது நோய் மட்டும் இல்லை.

எனக்குப் பார்க்கின்சன் வந்து நாலு வருஷம் ஆகிறது. நாங்கள் இருப்பது சால்ட் லேக்கில், மகளுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில். வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்ததிலிருந்து காளிகாட்டில்தான் குடித்தனம். முடியாமல் போன பிறகே இங்கே வந்தோம். காலையில் எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தெருவைத் தாண்டி எதிரே இருக்கும் பார்க்கில் தனியாக இரண்டு சுற்று நடப்பேன். யாரும் கையைப் பிடிக்காமல் நான் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

ஒரு நாள் நடுத்தெருவில் கால் நின்றுவிட்டது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மணியடித்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து என்னைக் கைத்தாங்கலாக ஓரத்துக்குக் கொண்டுவந்து விட்டார். மகள் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டாள். அன்றைக்கே சாவி போனது.

வாரம் இரண்டு தடவை பிசியோதெரபிக்கு ஒரு பெங்காலிப் பெண் வீட்டுக்கு வரும். என்னை மாஷிமா என்று கூப்பிடும், சித்தி மாதிரி. ஹாலில் நீல டேப்பைத் துண்டு துண்டாகத் தரையில் ஒட்டி, ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்கச் சொல்லும். சாவி போன வாரத்தில் அது புதிதாக ஒன்றை ஆரம்பித்தது.

"இனிமே சும்மா நடக்கக் கூடாது மாஷிமா. நடந்துகிட்டே யோசிக்கணும். ரோட்ல அப்படித்தானே? கால் ஒரு வேலை பாக்கும், மூளை ஒரு வேலை பாக்கும்."

முதலில் காய்கறிப் பெயர் கேட்டது. பட்டோல், ஜிங்கே, கத்தரிக்காய் என்று அடுக்கிக்கொண்டே தாண்டினேன். அடுத்தது, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னது. அதற்கும் அடுத்தது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனி, ஆடி என்றால் வரிசை தெரியும். இங்கிலீஷ் மாதம் காதால் கேட்டதுதான், எதற்கு அப்புறம் எது என்று தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மகள் படித்த பள்ளிக்கூடத்து வாசலில் எத்தனையோ படித்த அம்மாக்களுக்கு நடுவில் நிமிர்ந்து நின்றவள் நான். என் மகளுக்கே இது தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். வாய் நின்றதும் காலும் நின்றது. அந்தப் பெண் நோட்டில் என்னவோ எழுதியது.

சாயங்காலம் மகள் அதைப் படித்தாள்.

"கணக்கு, ஞாபகம் ரெண்டுலயும் தடுமாற்றம்னு எழுதியிருக்கா. கால் மட்டும்னா பரவால்ல. புத்தியும் மங்குதுன்னா உன்னை எப்படிம்மா தனியா விடுறது? நாள் பூரா கூட இருக்கிற மாதிரி ஒரு ஆயா போட்டுரலாம். பாத்ரூம் போனாலும் கூட வரும்."

"எனக்கு ஒண்ணும் மங்கல."

"ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் பாக்குறேன்னு சொல்லியிருக்கா. அப்பவும் இப்படியே இருந்தா ஆயாதான்."

அவள் உள்ளே போனதும் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, ரெண்டாங்கிளாசுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. எதுக்கு இந்தப் பாடு?"

"சொல்லிப் பாருங்க. அன்னையோட இந்த வீட்டுல உங்களுக்குக் காப்பி கிடையாது."

"இப்ப மட்டும் யார் போடுதா? நான்தான போடுதேன்."

இரண்டு வாரமும் மகள் ஆபீஸ் போனதும் அவர் எனக்கு வாத்தியார். டிசம்பர், நவம்பர், அக்டோபர். நான் உருப்போடுவேன். பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வருவேன். பார்க்கில் யார் யாரோ கையை வீசிக்கொண்டு நடப்பது தெரியும்.

"ஒரு இடத்துல உக்காந்து சொல்லேன். எனக்குத் தலை சுத்துது."

"நடந்துகிட்டுல்லா சொல்லணும்? உக்காந்து சொன்னா எவ கேப்பா?"

"சரி, ஆகஸ்டுக்கு முன்னால?"

"செப்டம்பர்."

"ஏளா, பின்னால போகச் சொன்னா முன்னால போற!"

பத்து நாளில் உட்கார்ந்தபடி தப்பில்லாமல் சொல்ல வந்துவிட்டது.

அந்தப் பெண் மறுபடியும் பார்க்கிற நாளில் மகள் அரை நாள் லீவு போட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நான் டேப்பின் முன்னால் நின்றேன். டிசம்பர் என்று முதல் துண்டைத் தாண்டினேன். நவம்பர், அக்டோபர், செப்டம்பர். ஆகஸ்டில் கால் ஒட்டிக்கொண்டது. அடுத்தது எது? இரண்டு வாரமாக அத்தனை முறை சொன்னது ஒன்றும் வரவில்லை. வீட்டுக்காரர் உதட்டை மட்டும் அசைத்து ஜூலை ஜூலை என்றார். எனக்கு அது பிடிபடவில்லை. அந்தப் பெண் பேனாவை எடுத்தது.

பேனாவைப் பார்த்ததும் பழைய பயம் ஒன்று வந்தது. கூட்டத்தில், எங்கே இறங்குவது என்று தெரியாமல் நிற்கிற பயம். அந்தப் பயத்துக்கு நான் எப்போதும் சொல்லுவது தானாக வாயில் வந்தது.

"காளிகாட்."

கால் பெயர்ந்தது.

"ஹாஜ்ரா. பவானிபூர். ஆஸ்பத்திரி. மைதான். பார்க் ஸ்ட்ரீட். எஸ்பிளனேடு."

டேப் முடிந்துவிட்டது. திரும்புகிற இடம்தான் எனக்கு எப்போதும் ஆபத்து. நான் நிற்கவில்லை. சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பினேன். எஸ்பிளனேடு, பார்க் ஸ்ட்ரீட், மைதான், ஆஸ்பத்திரி, பவானிபூர், ஹாஜ்ரா. காளிகாட் வந்து நின்றேன். மூச்சு வாங்கியது.

அந்தப் பெண் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

"மெட்ரோ ஸ்டேஷனா மாஷிமா? பாதி பேர் சரியில்லையே. ஆஸ்பத்திரின்னு ஸ்டேஷன் ஏது?"

"எக்ஸ்ரே உறையைக் கையில வச்சிக்கிட்டு ஜனங்க இறங்குற ஸ்டேஷன். எனக்கு அது ஆஸ்பத்திரிதான்."

"பின்னாலயும் இவ்வளவு சரளமா எப்படி வருது?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். இனி மறைத்தால் ஆயா. சொன்னால் மானம் போகும். நான் சொன்னேன்.

மெட்ரோ ஓடத் தொடங்கிய புதிதில் நான் ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லைனிங் துணியும் கொக்கியும் வாங்க எஸ்பிளனேடுக்குத் தனியாகப் போவேன். பலகையில் மூன்று எழுத்து இருக்கும், மூன்றிலும் என் எழுத்து இருக்காது. அதனால் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பெயரைச் சொல்லி ஒரு விரலை மடக்குவேன். திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக விரிப்பேன். பின்னோக்கிச் சொல்லாமல் நான் ஒரு நாளும் வீடு சேர்ந்ததில்லை.

"எனக்குப் பலகை படிக்கத் தெரியாது. மாசமும் தெரியாது, ஏழு ஏழாக் குறைக்கவும் தெரியாது. அது நோய் இல்ல" என்றேன்.

மகள் கேட்டாள்.

"என் ரிப்போர்ட் கார்டெல்லாம் பாத்துப் பாத்துக் கையெழுத்துப் போடுவியே?"

"உங்க அப்பா முதல்லயே படிச்சுச் சொல்லிருவாவ. சிவப்பு மை இருந்தா எனக்கே தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தப் பெண் நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நான் கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டேன் மாஷிமா என்றது. பார்க்குக்குப் போகலாம், ஆனால் மாத்திரையின் வேகம் குறைகிற நேரத்தில் கூடாது, பின்னால் ஒரு ஆள் வரவேண்டும் என்றது.

"பக்கத்துலயா, பின்னாலயா?" என்று கேட்டேன்.

"பின்னால."

"எத்தனை அடி?"

பேரம் பேசி நாலு அடியில் நின்றோம்.

மறுநாள் மகள் சாவியை என் கையில் வைத்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று நான் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. படிக்காதவள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது இன்னும் என்னை உறுத்துகிறது. இதை எழுதும்போதும் இந்த நோயால் எழுத்து வரவர எறும்பு மாதிரி சிறுத்துப் போகிறது. பெரிதாக எழுது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.

இப்போது பார்க்கில் ஒரு பக்கம் போவது, என் கணக்கில், எஸ்பிளனேடு வரை. கோடியில் திரும்ப வேண்டும். இன்று காலை அங்கே கால் நின்றுவிட்டது. பின்னால் நாலு அடியில் வந்த வீட்டுக்காரரும் நின்றார்.

"என்ன, இறங்கியாச்சா? லைனிங் துணி வாங்கணுமோ?"

"பேசாம வாங்க. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

பார்க் ஸ்ட்ரீட் என்றேன். கால் கேட்கவில்லை. மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, பார்க் ஸ்ட்ரீட் என்றேன். பெயர்ந்தது.