அரைக்கால் அங்குலமும் எண்பத்திரண்டு மைலும்

1961 மார்கழி விடுமுறையின் கடைசிக் கிழமை, அக்காவை அழைத்துவர அண்ணாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து முள்ளியவளைக்குக் காரில் போனோம். அக்காவுக்கு ஏழு மாதம். முன்பு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டு முறையும் பஸ்ஸில் குலுங்கி வந்த பிறகுதான். சனிக்கிழமைக்குள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த முறை வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் நாங்கள் மூச்சுவிடவில்லை. கண்ணூறுக்குப் பயம்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஐம்பத்தேழு மைல் தாண்டி மாங்குளம், எட்டரை மணி. அங்கே மூன்று கலன் பெற்றோல் அடித்துக்கொண்டு கிழக்கே திரும்பினோம். அடுத்த பதினைந்து மைல் வெறுங்காடு. ஒட்டுசுட்டான் வரும்வரை ஒரு வீடும் இல்லை. நடுவழியில், மழை அரித்திருந்த மதகு ஓரத்தில் காரின் இடது முன்சில்லு பள்ளத்தில் இறங்கிவிட்டது. தூக்கி வெளியே எடுத்தோம். ஆனால் அதன் பிறகு கார் நேராகப் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடிக்கவேண்டியிருந்தது. முள்ளியவளையில் இறங்கி முன் ரயர்களைத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, மறுபக்கமாகத் தடவினால் தேங்காய்த் திருவலை. மேலதிக ரயர் ஒன்றுதான், அதுவும் இரண்டு ஒட்டுப் போட்டது. அந்தக் காட்டு வழியில் ரயர் போனால் அக்காவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் காலை அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, ஐந்து மைல் தள்ளி முல்லைத்தீவில் இருந்த இஸ்மாயில் நானாவின் கராஜுக்குப் போனோம். முன்சில்லுகள் இரண்டையும் இணைக்கும் கம்பி வளைந்திருந்தது. அவர் அதைக் கழற்றி, நிமிர்த்தி, திரும்பப் பூட்டினார். அண்ணா உடனே சாவியைக் கேட்டார்.

"பொறுங்கோ தம்பி, இன்னும் அளக்கேல்லை."

ஜக் வைத்துக் காரின் முன்பக்கத்தைத் தூக்கி, சில்லைச் சுழலவிட்டு, ஓர் ஆணி நுனியை ரயரில் பிடித்தார். சுற்றிவர மயிரிழைக் கோடு விழுந்தது. மற்றதிலும் அப்படியே. காரை இறக்கி, இரண்டு கோடுகளுக்கும் இடையே முன்பக்கம் கம்பால் அளந்தார். பிறகு சில்லு அரைச் சுற்றுப் போகும்வரை காரைத் தள்ளி, அதே இடங்களைப் பின்பக்கம் அளந்தார். முன்னளவு பின்னளவைவிட அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, குறைவாக இருக்கவேண்டுமாம்.

"நானா, நகப் பருமனும் வராத அளவுக்கு இந்தப் பாடா?" என்றார் அண்ணா.

"அம்மியில வச்சு இழுக்கிற மாதிரி ரயர் அரைபடும் தம்பி. எனக்கென்ன, புது ரயர் விக்கிறவனுக்குத்தான் லாபம். சரி, எத்தினை பேர் போறியள்?"

"நானும் தங்கச்சியும். ஒரு பெட்டி."

"பின்சீற்றில?"

"ஒருத்தரும் இல்லை."

நானா ஸ்பானரை எடுத்து முடுக்கத் தொடங்கினார். அண்ணா என்னைப் பார்க்காமல் கடற்கரைப் பக்கம் பார்த்தார். வீட்டு விஷயத்தை வெளியில் பேசுகிறவள் அல்ல நான். சிநேகிதிகளுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்பின் முன்னால் பொய்யை நிறுத்திவைக்க என்னால் முடியவில்லை.

"நானா, அக்கா வாறா. பின்சீற்றில மெத்தை போட்டுப் படுத்து வருவா. குலுங்கக்கூடாது."

அண்ணாவின் முகம் இறுகியது. நானா ஸ்பானரை வைத்துவிட்டு உள்ளே போனார். அக்காவுக்குப் பதிலாக இரண்டு அரை மூடை அரிசியைக் கொண்டுவந்து பின்சீற்றில் வைத்தார். எங்கள் இருவரையும் முன்னால் ஏறி இருக்கச் சொன்னார். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து காரைத் தள்ளினார்கள். மீண்டும் அளந்தார்.

"அடியில பாரம் தாங்கிற வில்லுத்தகடு பழசு. பின்னுக்குப் பாரம் ஏற முன்னுக்கு விலகுது. பாருங்கோ, அரைக்காலில பாதி போச்சு."

முடுக்குவதற்குமுன் இன்னொருமுறை உள்ளே போய்வந்தார். கையில் சின்னப் பையொன்றில் அரிசி, நாலைந்து இறாத்தல் இருக்கும். அதை மூடைகளின் மேல் மெதுவாக வைத்தார்.

"இதையும் சேர்த்துத்தான் பாக்கோணும்," என்றார். மறுபடி அளந்து, அரைக்கால் வரும்வரை முடுக்கினார்.

திரும்பும் வழியில் அண்ணா, முள்ளியவளைக்குக் கிட்டத்தான், "சொன்னது நல்லது," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் புறப்பட்டு, மணிக்கு இருபது மைலுக்கு மேல் போகாமல், மாங்குளத்தில் ஒரு மணி நேரம் நின்று, பிற்பகல் ஒன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். அக்காவை உள்ளே விட்டுவிட்டு வந்து ரயர்களைத் தடவினேன். எந்தப் பக்கமாகத் தடவினாலும் கை தடக்கவில்லை.

இந்த வழியால் போக இருப்பவர்களுக்கு: மழைக்குப் பிறகு மதகுகளில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுக் காரை விடுங்கள். மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் பெற்றோலை நம்பாதீர்கள். சில்லு நேர்பார்க்க நானா வாங்கியது ஆறு ரூபாய். காரைத் தள்ளாமல் ஒரே நிலையில் அளப்பவரிடம் கொடுக்கவேண்டாம். சில்லு கோணலாயிருந்தால் அளவு பொய் சொல்லும். எத்தனை பேர் போகிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அக்காவின் மகளுக்கு இப்போது மூன்று மாதம். அவளுடைய நிறையை மட்டும் நாங்கள் இன்னும் ஒருவருக்கும் சொல்வதில்லை.